ராத்திரி 11 மணிக்கு ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டி எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாலைஷிஃப்ட்:

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வீடு செங்கல்பட்டு லைனில். மாதத்தில் பாதி நாள் மாலை ஷிஃப்ட்தான். ஹேண்ட்ஓவர் கொடுத்து, எழும்பூரில் ரயில் பிடித்து ஊரில் இறங்கும்போது மணி 10.50. சில நாள் 11.10-ம் ஆகும். ஸ்கூட்டர் ஸ்டேஷனை ஒட்டிய கட்டண ஸ்டாண்டில் நிற்கும். மாதப் பாஸ் வைத்திருக்கிறேன். அங்கிருந்து வீடு 4 கிலோமீட்டர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல வண்டியை எடுத்தேன். டிக்கி சரியாக மூடாமல் அரை விரல் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் இல்லை. காலையில்தான் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டிருந்தேன். எரிச்சலில் மீட்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. வெளியே வந்து சர்வீஸ் ரோட்டில் அரைக் கிலோமீட்டர் போயிருப்பேன், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் கீழே டியூப் தொங்குகிறது, ஒரு சொட்டு இல்லை.

அந்த இடத்தில் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் மூடிக் கிடக்கும் மரக்கடை. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, பைக்கில் ஒருவர் வந்து நிறுத்தினார். "என்ன மேடம், பெட்ரோலா? பங்க் முன்னாடிதான் இருக்கு, ஏறுங்க, வாங்கிட்டு வந்துடலாம்." பேச்சில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முகத்தை ஸ்டாண்டுக்குள் பார்த்த மாதிரி இருந்தது. "என் தம்பி வந்துட்டே இருக்கான்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டே ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்குத் திரும்பி வந்தேன். எனக்குத் தம்பியே கிடையாது. அந்த ஆள் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையிலேயே உதவ வந்தவராகவும் இருக்கலாம். ஆனால் 2019 நவம்பரில் ஹைதராபாத் பக்கத்தில், சம்ஷாபாத் சுங்கச்சாவடியை ஒட்டி நிறுத்தியிருந்த ஒரு கால்நடை மருத்துவரின் ஸ்கூட்டரில் காற்றை இறக்கிவிட்டு, உதவுகிறோம் என்று வந்தவர்களைப் பற்றித்தான் அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புகார் கொடுக்கப் போனேன். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் "அது ரயில்வே இடம்" என்றார்கள். ரயில்வே போலீஸில் "ஸ்டாண்டு கான்ட்ராக்டர்காரரிடம் கேளுங்க" என்றார்கள். கான்ட்ராக்டரின் ஆள் ஒன்றும் பேசாமல் போர்டைக் காட்டினார்: வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன, நிர்வாகம் பொறுப்பல்ல.

வண்டி 2017 மாடல். என்ன பூட்டுப் போடலாம்? எங்கே நிறுத்தலாம்? வேலையை விடு, ஷிஃப்டை மாற்று என்ற யோசனை மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே நிறைய கேட்டாயிற்று.

---

சும்மாஒருத்தன்:

வண்டியை வித்துட்டு ஷேர் ஆட்டோல போங்க சிஸ்டர். ஒரு பிரச்சனையும் இல்ல.

---

மாலைஷிஃப்ட்:

11 மணிக்கு எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோ ஓடினால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன் சகோ.

---

பழைய ஸ்டாண்டுக்காரன்:

தங்கச்சி, நான் 18 வருஷம் வண்டி ஸ்டாண்டு நடத்தினவன். தெற்கே ஒரு பஸ் ஸ்டாண்டை ஒட்டி, நகராட்சியில் வருஷா வருஷம் ஏலம் எடுத்து நடத்தினேன். இப்போது மகன் வீட்டில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும்தான் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் திருடன் எப்படி வருவான் என்று தெரிய வேண்டும். அவன் ராத்திரி சுவர் ஏறிக் குதித்து வருவான் என்று நினைக்கிறோம். என் ஸ்டாண்டில் காணாமல் போன ஏழு வண்டியும் கேட் வழியாகத்தான் போனது. பட்டப்பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

2006-இல் நடந்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் பாதி டோக்கனைப் பிரேக் கேபிளில் பின் அடித்துவிட்டு, சீட்டு மேல் சாக்பீஸால் நம்பர் எழுதுவோம். ஒரு பையன் துருப்பிடித்த ஒரு மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து விட்டான், டோக்கன் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் ஒரு வாத்தியாரின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். சீட்டில் அவன் டோக்கன் நம்பர் பளிச்சென்று இருந்தது. வாத்தியார் வண்டி நம்பரை உள்ளங்கையால் துடைத்துவிட்டுத் தன் நம்பரை எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். பின் அடித்த பாதி டோக்கனையும் மாற்றிவிட்டான். நானே டோக்கனை வாங்கிச் சரிபார்த்து, "போ தம்பி" என்று வழி விட்டேன். அந்த மொபெட் என்னிடம் நாலு வருஷம் கிடந்தது. வாத்தியாருக்கு 14,000 ரூபாயைத் தவணையில் கொடுத்து முடித்தேன். மனிதர் ஒவ்வொரு மாதமும் காசை வாங்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அதுதான் அதிகமாக வலித்தது.

இப்போது கையில் மெஷின் வந்துவிட்டது, வண்டி நம்பரே சீட்டில் அச்சாகிறது. ஆனால் காலை எட்டரை மணிக்கு ரயிலைப் பிடிக்க ஐம்பது பேர் முண்டும்போது பையன் கடைசி நாலு எண்ணை மட்டும்தான் அடிப்பான். நீங்கள் நின்று முழு நம்பரையும் அடிக்கச் சொல்லுங்கள். முறைப்பான். முறைக்கட்டும். பாஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ் வண்டி என்றால் பையன் சீட்டே கேட்காமல் விட்டுவிடுவான், யார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்க மாட்டான். அதனால் உங்கள் முகமும் உங்கள் வண்டியும் ஜோடி என்று அவன் மனதில் பதிய வேண்டும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு வார்த்தை பேசுங்கள். தீபாவளிக்கு நூறு ரூபாய் கொடுங்கள். கடையில் 900 ரூபாய்க்கு விற்கிற பூட்டைவிட அது நல்ல பூட்டு.

டோக்கன் தொலைந்துவிட்டது என்று வருபவர்களிடம் நான் ஆர்.சி. கேட்டதில்லை. டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். ஒருத்தர் சொன்னார், "ஒரு அழுக்குத் துண்டு, ஒரு ஸ்பார்க் பிளக், என் சம்சாரத்தோட ஒத்தைக் கொலுசு." திறந்து பார்த்தால் மூன்றும் இருந்தது. ஆர்.சி. டிக்கியிலேயே கிடந்தால் திருடனுக்கும் அதைக் காட்ட முடியும், பாருங்கள். ஆர்.சி.யைப் போனில் டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டால் போதும், 2018-லேயே அது செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும். டிக்கியில் வீட்டுச் சாவியை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் முகவரி, பக்கத்திலேயே சாவி. விருந்துக்கு இலை போட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

இனி எங்கே நிறுத்துவது. எல்லோரும் வண்டி விடும் நேரத்தில் இடம் பார்க்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மர நிழல் நல்ல இடம். ராத்திரி பதினொன்றுக்கு அதே மரம்தான் ஸ்டாண்டிலேயே இருட்டான இடம். சுற்றி நின்ற முந்நூறு வண்டியும் போயிருக்கும், உங்கள் வண்டி மட்டும் ஒற்றையாக மூலையில் நிற்கும். நீங்கள் அதை நோக்கி நடந்து போவதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று, கடைசிக் கூட்டம் போனதும் பின்பக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். கரண்டு பில்லுக்காக நானும் அணைத்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. அதனால் எடுக்கும் நேரத்தை வைத்து இடம் பாருங்கள். டோக்கன் கூண்டுக்கு எதிரே முதல் இரண்டு வரிசை. வெயிலில் சீட் கொதிக்கும், துண்டு போட்டுக்கொள்ளுங்கள். மதியம் நீங்கள் வரும்போது அங்கே இடம் இருக்காது என்றால், பாஸ்காரருக்கு ஒரு இடம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதக் காசை முன்பணமாகக் கொடுப்பவர் நீங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மனதைக் குத்திய இடம் ஒன்று உண்டு. டிக்கி திறந்து கிடப்பதைப் பார்த்த பிறகும் கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டீர்கள். அது மட்டும் இனி கூடாது. ஒன்று கலைந்திருந்தால் மற்றதும் கலைந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, விளக்குப் போட்டு, பெட்ரோல் முள்ளைப் பார்த்து, இரண்டு டயரையும் காலால் ஒரு அமுக்கு அமுக்கி, தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்கு வர வேண்டும். இரண்டு நிமிடம் ஓடட்டும். டியூபைப் பிடுங்கியிருந்தால் உள்ளேயே தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. பெட்ரோல் போன வண்டி ஸ்டாண்டுக்குள் நின்றால் அது பையனோடு சண்டை, அவ்வளவுதான். வெளியே மரக்கடை வாசலில் நின்றால் கதை வேறு. 2017 வண்டி என்கிறீர்கள், அது பழைய கார்புரேட்டர் வண்டி. அதில் பெட்ரோல் எடுப்பது சுலபம். அதனால் டேங்கை நிரப்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பங்க்கில் அப்பப்போ ஒரு லிட்டர் போதும். அதே நேரம், எப்போதும் வற்றிய டேங்கோடும் வராதீர்கள்.

சாவியை எங்கே எடுக்கிறீர்கள்? பெண்பிள்ளைகள் வண்டி பக்கத்தில் வந்து நின்று, பையைச் சீட்டு மேல் வைத்து, குனிந்து தேடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் கண்ணும் காதும் பைக்குள் இருக்கும். ரயிலை விட்டு இறங்கும் முன்பே சாவி கைக்கு வந்துவிட வேண்டும்.

சரி, பூட்டு. சைடு லாக்கை நம்ப வேண்டாம், ஓங்கி ஒரு மிதிக்குத் தாங்காது. உங்கள் வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்காது, அதனால் டிஸ்க் லாக் பயன்படாது. பின் சக்கரத்தில் கோர்த்து ஒரு தடிமனான செயின் பூட்டு. ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணுக்குத் தெரிகிற நிறமாக வாங்குங்கள். திருடனுக்குப் பக்கத்து வண்டி சுலபமாகத் தெரிய வேண்டும், நமக்கு வேண்டியது அவ்வளவே. பக்கத்து வண்டிக்காரர் மன்னிக்கட்டும். ஆக்ஸிலேட்டரில் ஒரு ரிப்பன் கட்டி வையுங்கள், இல்லையென்றால் நீங்களே மறந்து முறுக்கி விழுவீர்கள். என் ஸ்டாண்டில் திருடு போன வண்டிகளைவிடப் பூட்டை மறந்து கவிழ்ந்தவர்கள்தான் அதிகம்.

---

மாலைஷிஃப்ட்:

அண்ணா, படித்துவிட்டு வண்டி டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஆர்.சி. ஒரிஜினல், இன்ஷூரன்ஸ், மாமியார் வீட்டுச் சாவி. இலை போட்டுத் தண்ணீரும் தெளித்து வைத்திருக்கிறேன்.

---

கிளெய்ம்ஃபைல்:

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பக்கம் இருப்பவன். அண்ணன் சொன்னதற்கு மேல் பாதுகாப்பு பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காகிதம் பற்றிச் சொல்கிறேன்.

உங்களை ஏன் இங்கும் அங்கும் அலைய விட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. 379-க்குப் பதிலாகத் திருட்டுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவு. அதில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்கிற வகையில் வராது. ஹெல்மெட், ரெயின்கோட், இரண்டு லிட்டர் பெட்ரோல், எல்லாம் சேர்த்தாலும் 5,000 வராதே. அதனால் பெட்ரோல் போச்சு என்று மட்டும் சொன்னால் யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். டியூபைப் பிடுங்கியது, அரைக் கிலோமீட்டரில் வண்டி நின்றது, ஸ்டாண்டில் பார்த்த முகம் இரண்டே நிமிடத்தில் வந்து ஏறச் சொன்னது, மறுத்த பிறகும் பின்னால் வந்தது, இந்த வரிசையில் எழுதுங்கள். ஒரு தடவை லிஃப்ட் கொடுக்கிறேன் என்றதை வைத்து வழக்கு நிற்காதுதான். ஆனால் அடுத்த மாதம் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்தால் உங்கள் காகிதம் பேசும்.

எந்த ஸ்டேஷன் எல்லை என்பது உங்கள் தலைவலி இல்லை. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால், எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் 173-ஆவது பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். எஃப்.ஐ.ஆர். இல்லை என்றாலும், புகாரை வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். ரயில்வே எல்லைக்குள் உடனே ஆள் வேண்டும் என்றால் 139. வெளியே ரோட்டில் என்றால் 112.

கேமரா இருந்தால் முதல் நாளே கேளுங்கள். வாயால் கேட்காமல் தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுங்கள். ரெக்கார்டர் நிரம்பியதும் பழையது தானாக அழிந்துவிடும். என் மேஜைக்கு வரும் ஃபைல்களில் பாதியில் "காட்சிகள் இல்லை" என்று இருப்பதற்குக் காரணம், அடுத்த மாதம் போய்க் கேட்டதுதான்.

அந்தப் போர்டு. "உரிமையாளர் பொறுப்பில்" என்று எழுதிவிட்டால் எல்லாம் கை கழுவியாயிற்று என்று இல்லை. டெல்லியில் 1998-இல் தாஜ் மஹால் ஹோட்டலில் ஒருவர் காரையும் சாவியையும் வண்டியை நிறுத்தித் தரும் ஹோட்டல் ஆளிடம் (வேலட்) கொடுத்துவிட்டு உள்ளே போனார், திரும்பி வருவதற்குள் வேறொரு ஆள் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சீட்டின் பின்னால் உரிமையாளர் பொறுப்பு என்றுதான் அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையில் அலட்சியம் இருந்தால் அந்த வரி காப்பாற்றாது என்றார்கள். ஆனால் அங்கே சாவி கைமாறியது. உங்கள் ஸ்டாண்டில் சாவி உங்களிடமே இருக்கிறது, அதனால் அதே தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். டோக்கன், காவலாள், கேட் எல்லாம் வைத்துக் காசு வாங்குகிறார்கள் என்பதைக் காட்டி வாதாடலாம். வண்டியே போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஹெல்மெட்டுக்காக அலையத் தேவையில்லை. பாஸ் ரசீதுகளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டியா? அப்படியானால் வண்டி திருடு போனால் ஒரு ரூபாய் வராது. இங்கே படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய டூ வீலருக்கு 5 வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கட்டாயமாக 5 வருஷத்துக்குக் கொடுத்தது தேர்டு பார்ட்டி மட்டும். திருட்டுக்கான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்தோடு முடிந்திருக்கும். வருஷா வருஷம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். போன வருஷம் ஒருவர் இரண்டு சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார், எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது, பாலிசி மட்டும் இல்லை. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் தண்ணீர் கொடுத்தேன்.

உங்களுடையது 5 வருஷம் தாண்டிய வண்டி. ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, எவ்வளவு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பது. ஓன் டேமேஜ் போட்டால் அதைக் கவனித்துப் போடுங்கள். கிளெய்ம் என்று வந்தால் இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஸ்பேர் சாவி எங்கே என்று இப்போதே தேடி வைத்துவிடுங்கள்.

---

மைனஸ்2:

நான் கார். ஒரு மாலின் அடித்தளத்தில், இரண்டாவது கீழ்த்தளத்தில் தினமும் நிறுத்துகிறேன், மேலேயே ஆபீஸ். அங்கே வேறு தினுசு.

கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது. காவல் உதவி ஆப் போனில் இருக்கிறது, அங்கே அதை அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் லிஃப்டில் ஏறும் முன்பே வீட்டுக்கு ஃபோன் போட்டுவிடுவேன், "பத்து நிமிஷத்துல மேல வந்து கூப்பிடலைன்னா செக்யூரிட்டி நம்பருக்கு அடி" என்று. என் கணவர் முதல் வாரம் கிண்டல் பண்ணினார். இப்போது எட்டாவது நிமிஷமே அவர் அடிக்கிறார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் பார்க்கிற பழக்கம் இருந்தது. மெயில் ஒன்று, வாட்ஸ்அப் இரண்டு, பெல்ட் போடாமல், கதவும் லாக் ஆகாமல். அதை விட்டுவிட்டேன். ஏறினால் லாக், கிளம்பு, மற்றதெல்லாம் வெளிச்சத்தில்.

ரிமோட்டை அமுக்கிவிட்டு நடந்துகொண்டே போகாதீர்கள். சத்தம் கேட்டாலும் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். சிக்னலைத் தடுக்கிற கருவியோடு நிற்பவர்கள் உண்டு, கதவு பூட்டாமலே இருக்கும்.

அப்புறம் அந்தப் பத்து ரூபாய் வித்தை. எங்கள் டீமில் ஒருவர் பேங்கில் பணம் எடுத்துவிட்டு வெளியே காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைத் தட்டி, "சார், உங்க பணம் கீழே கிடக்கு." எட்டிப் பார்த்தால் நாலைந்து பத்து ரூபாய் நோட்டு நிஜமாகவே கிடக்கிறது. இறங்கிக் குனிந்திருக்கிறார். எழுந்திருக்கும்போது அந்தப் பக்க சீட்டில் இருந்த லேப்டாப் பை இல்லை. கையில் 40 ரூபாய் இருந்தது. "ஆயில் ஒழுகுது", "பின் டயர் போச்சு" எல்லாம் அதே வித்தைதான். யார் என்ன சொன்னாலும் கண்ணாடியை இறக்காமல் தலையாட்டிவிட்டு, பங்க் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் போய் இறங்கிப் பார்க்கலாம். பையை டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிறுத்தின இடத்தில் வந்து டிக்கியைத் திறந்து பையை வைத்துப் பூட்டினால், அதைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தன் அங்கே இருப்பான்.

நர்ஸ் அக்கா, உங்களைப் பற்றி ஒன்று. தம்பி வருகிறான் என்று சொன்னீர்களே, அந்த நேரத்தில் அது எப்படித் தோன்றியது? எனக்கென்றால் "தேங்க்ஸ்ங்க, பரவால்ல" என்றுதான் வாயில் வந்திருக்கும்.

---

மாலைஷிஃப்ட்:

கேஷுவாலிட்டியில் நாலு வருஷம் இருந்தேன். அங்கே நோயாளியோடு வந்து சத்தம் போடும் அட்டெண்டரிடம் "டாக்டர் வந்துட்டே இருக்கார்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவோம். அந்தப் பழக்கம்தான்.

---

சும்மாஒருத்தன்:

முதல்ல காமெடியா போட்டுட்டேன், சாரி சிஸ்டர். எங்கம்மாவும் அதே லைன்ல லேட்டாதான் வராங்க. இதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் போறேன்.

---

மாலைஷிஃப்ட்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ஸ்டாண்டை மாற்றவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் வண்டி விட இடம் தருகிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். வாடகை குறைவு, ஆனால் ராத்திரி அந்தச் சந்துக்குள் நடக்க வேண்டும். அண்ணன் சொன்ன மாதிரி எடுக்கும் நேரத்தை யோசித்தேன், வேண்டாம் என்றாகிவிட்டது.

புகாரை கிளெய்ம்ஃபைல் சொன்ன வரிசையில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். இந்தத் தடவை எழுத்தர் படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். சி.எஸ்.ஆர். கிடைத்தது. அந்த ஆள் வண்டி நம்பரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. நோயாளியின் கைப்பட்டையில் இருக்கிற நம்பரை இரண்டு தடவை படித்துவிட்டு மருந்து கொடுக்கிறவள், கண் எதிரே நின்ற பைக் நம்பரைப் படிக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பாலிசி வெறும் தேர்டு பார்ட்டி. எதிர்பார்த்ததுதான்.

மஞ்சள் செயின் வாங்கினேன். ரிப்பனும் கட்டினேன். அப்படியும் இரண்டாம் நாளே முறுக்கி முட்டியில் சிராய்ப்பு. டிரெஸ்ஸிங் நானே போட்டுக்கொண்டேன்.

டோக்கன் கூண்டுக்கு எதிரே இடம் கேட்டபோது கான்ட்ராக்டரின் ஆள் "அப்படியெல்லாம் ரிசர்வ் பண்ண முடியாது மேடம்" என்றார். ராத்திரி இருக்கும் பையனிடம் பெயர் கேட்டு, என் ஷிஃப்டு நாட்களைச் சொன்னேன். அவன் ஒன்றும் பதில் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி வந்து பார்த்தால் நான் மதியம் மூலையில் விட்ட வண்டி கூண்டுக்குப் பக்கத்தில் விளக்குக்குக் கீழே நிற்கிறது. செயின் பூட்டோடு, பின் சக்கரத்தைத் தூக்கியே நகர்த்தியிருக்கிறான். இப்போது தினமும் அப்படித்தான். ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் 700 ரூபாய் பூட்டு எவ்வளவு தாங்கும் என்றும் தெரிந்துவிட்டது.

---

பழைய ஸ்டாண்டுக்காரன்:

நல்ல பையன். அடுத்த தடவை செயினைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். விளக்குக் கம்பம் பக்கத்தில்தானே நிற்கிறது? உள்ளேயே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறீர்களா?

---

மாலைஷிஃப்ட்:

பார்க்கிறேன் அண்ணா. நான் மறந்தாலும் அவன் கூண்டுக்குள் இருந்து "அக்கா, முள்ளு" என்று கத்துகிறான்.

நேற்று ஸ்டார்ட் பண்ணிவிட்டு நின்றபோது டோக்கன் பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். அவன் அம்மாவுடையது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.2. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா போடுகிறார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை, வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தான். பேசி முடித்து நான் கேட்டைத் தாண்டும்போது 11.35.